கட்டுத் துணி இருக்கட்டும், புண்ணைக் கழுவினீர்களா?

கேள்வி: எங்கள் கலப்பின ஜெர்சி கறவை மாட்டுக்கு முள்கம்பி கிழித்து, பின்னங்கால் முட்டிக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்குப் புண். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துப் பழைய சேலையால் கட்டினேன். ஐந்தாம் நாள் நாற்றம் வந்து அவிழ்த்தால் புழு. கடையில் ஊதா ஸ்ப்ரேயும் பவுடரும் தந்தார்கள். இனி பஞ்சு வைத்துக் கட்டுவதா, காஸ் (வலைபோன்ற மெல்லிய கட்டுத் துணி) வைப்பதா? - வாசகர், அந்தியூர்

பதில்: காஸ் துணிதான். பஞ்சை நேராகப் புண்ணில் வைத்தால் நார் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது புதுச் சதையும் கூடவே வரும். ஆனால் தப்பு சேலையில் இல்லை. ஐந்து நாள் அவிழ்க்காமல் விட்டீர்கள். ஈ முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும்.

முதலில் புழு. டர்பன்டைனில் நனைத்த காஸைப் புண்ணில் 10 நிமிடம் வையுங்கள். புழு மூச்சு விடுவது வால் பக்கம். அது அடைபட்டதும் வெளியே நெளிந்து வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெந்நீரில் போடுங்கள். தரையில் விட்டால் மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி ஈயாகத் திரும்பும். உள்ளே செத்த புழு தங்கினால் அதுவே அழுகும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தேடுங்கள்.

அடுத்தது கழுவுதல். புண் ஆறுவதில் பாதி வேலை இதுதான், இதைத்தான் யாரும் செய்வதில்லை. கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி கழற்றிய 50 மில்லி சிரிஞ்சால் மூலை முடுக்கெல்லாம் பீய்ச்சுங்கள். வருகிற தண்ணீர் தெளியும்வரை நிறுத்தாதீர்கள். 2 லிட்டர் ஆனாலும் ஆகட்டும். சீழ் இருந்தால் 10 சத போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி 10 மில்லியை 1 லிட்டரில் கலந்தால் போதும், வெளிர் டீ நிறம் வரும். அப்படியே ஊற்றினால் கிருமியோடு புதுச் சதையும் சாகும். நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அதே கெடுதலைத்தான் செய்யும். தினமும் ஊற்றவே கூடாது.

கடைக்காரர் தந்த பவுடர் சீழோடு குழைந்து ஓடுபோல மூடிக்கொள்ளும், அடியில் அழுகும். ஊதா ஸ்ப்ரே சதையின் நிறத்தையே மறைத்துவிடும். சிவப்பா கறுப்பா என்று தெரியாமல் எப்படி வைத்தியம் பார்ப்பது? மாட்டைப் பார்க்காமல் விற்கிறவர் பேச்சை விடுங்கள்.

சீழ் வடிகிறவரை காஸில் கெட்டியான, கலப்படமில்லாத தேன் தடவி வைத்துத் தினமும் மாற்றுங்கள். தேன் நீரை உறிஞ்சும். சதை சிவந்து ஏறியதும் வாஸ்லின் போன்ற மெழுகு பூசிய, ஒட்டாத பாரஃபின் காஸ், 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை போதும். அதன்மேல் பஞ்சுப் பட்டை, பிறகு சுருள் துணி. குளம்புக்கு மேலிருந்து சுற்றிக்கொண்டே ஏறுங்கள். நடுவில் மட்டும் இறுக்கினால் கீழே வீங்கும். ஒரு விரல் நுழைய வேண்டும். வேப்பெண்ணெயைப் புண்ணுக்குள் வைக்காதீர்கள். சுற்றியுள்ள முடியில் தடவினால் ஈ அண்டாது.

முட்டி ஓரம் என்பதால் ஒன்று பாருங்கள்: முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாகக் கசிந்தாலோ, கால் ஊன்றாவிட்டாலோ புண் மூட்டுவரை போயிருக்கலாம். கட்டோடு நிற்காமல் அன்றே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழையுங்கள். புழுவுக்கென்று கடையில் ஐவர்மெக்டின் ஊசி வாங்கிப் போட்டுவிட்டுப் பாலை விற்பனைக்கு ஊற்றாதீர்கள், மருந்து பாலில் இறங்கும்.