கண்டாங்கி கட்டிக்கொண்டு துருவக் கடலுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது, வீட்டுக்காரருக்கு 66. ஊர் தேவகோட்டை. ஆஸ்லோவில் வேலை பார்க்கும் மகன், ஜூலை இரண்டாம் வாரத்தில் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றிவர ஆறு நாள் கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறான். காரைக்குடியில் ஒரு கடையில் கேட்டால், முழங்கால் வரை வரும் தடித்த ஜாக்கெட்டை எடுத்துப் போடுகிறார்கள். மகனோ, "கோடைக்காலம்தானே, ஸ்வெட்டர் போதும்" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? புடவை தவிர வேறு உடுத்திப் பழக்கமில்லை. கண்டாங்கியை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்: ஆச்சி, இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. நீங்கள் கப்பல் ஏறப்போகும் லாங்யியர்பியன் ஊரில் ஜூலை மாதச் சராசரி வெப்பம் 6, 7 டிகிரி. ஏறக்குறைய நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் குளிர். அதற்கு முழங்கால் ஜாக்கெட் தேவையே இல்லை. நடக்க ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் உள்ளே வியர்த்து ஊற்றிவிடும். ஆனால் ஸ்வெட்டர் மட்டும் போட்டுப் போனால் காற்று உங்களைச் சும்மா விடாது. 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 1 போலத் தெரியும். ஸ்வெட்டரின் கண்களுக்குள் காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும். அங்கே நம்மை வாட்டுவது குளிரைவிடக் காற்றும் ஈரமும்தான். பணத்தை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கண்டாங்கிக்கு வருகிறேன். நம் ஊர் வெயிலுக்கென்றே நெய்த புடவை அது. வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு காற்றில் காய்ந்து உடம்பைக் குளிர வைக்கும். சித்திரையில் சுகமாக இருக்கிற அதே குணம் துருவக் கடலில் எதிரியாகிவிடும். பருத்தி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே தோலை ஒட்டி இருக்கும் எதுவும் பருத்தியாக இருக்கக் கூடாது. பனியன், ரவிக்கை, காலுறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஜீன்ஸ் பேன்ட்டும் பருத்திதான். வீட்டுக்காரர் அதைப் பெட்டியில் வைத்தால் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

புடவையை அடியோடு விட வேண்டியதில்லை. கப்பலுக்குள் வெதுவெதுப்பாக இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு பட்டுப்புடவை, உள்ளே கம்பளித் தெர்மல் (குளிருக்குத் தோலை ஒட்டிப் போடும் உள்ளாடை) என்று உடுத்திக்கொண்டால் ஒரு குறையும் இராது. ஆனால் கப்பலிலிருந்து கரைக்குப் போவது ஜோடியாக் எனப்படும் ரப்பர் படகில். படகின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தூக்கிப் போட்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டி வரும். அங்கே புடவை கூடவே கூடாது. நனைவது ஒரு பக்கம் இருக்கட்டும், கொசுவம் காலில் சிக்கினால் விழுவோம். சால்வையும் அப்படித்தான். அறைக்குள் போர்த்திக்கொள்ளலாம், படகில் வேண்டாம்.

எனவே பேன்ட்டுக்குப் பழகிக்கொள்ளுங்கள். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த, தளர்வான, சீக்கிரம் காயும் பேன்ட் ஒன்று. அதன்மேல் போட நீர்புகாத பேன்ட் ஒன்று. இந்த மேல் பேன்ட்டும் அதே வகை ஜாக்கெட்டும்தான் பணம் செலவழிக்க வேண்டிய இடம். கடையில் சீட்டைப் படித்துப் பாருங்கள். "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்றால் தூறலைத் தாங்கும், அவ்வளவுதான். "வாட்டர்ப்ரூஃப்" என்று போட்டிருக்க வேண்டும். உள்பக்கம் தையல் மேலெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் புகுவது பெரும்பாலும் தையல் ஓட்டை வழியாகத்தான். திருப்பித் தரலாமா என்று கேட்டுக்கொண்டு வாங்கி வந்து, போட்டபடியே ஷவருக்குக் கீழே பத்து நிமிஷம் நில்லுங்கள். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஜாக்கெட்டை மட்டும் உடனே வாங்கிவிடாதீர்கள். சில கப்பல்களில் பயணிகளுக்கு ஜாக்கெட்டை அவர்களே கொடுத்துவிடுவார்கள். மகனை விட்டு மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள்.

உள்ளே போடுவது எளிது. மெரினோ என்ற மெல்லிய ஆட்டுக் கம்பளியில் முழுக்கை மேல்சட்டையும் கால்சட்டையும் ஆளுக்கு இரண்டு ஜோடி. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கினாலும் நசநசப்பு தெரியாது, நாலு நாள் போட்டாலும் அவ்வளவாக வாடை வராது. அதனால் ஆறு நாளுக்கு ஆறு ஜோடி வேண்டாம். நம் பக்கத்தில் பெட்டி அடுக்குவது என்றால் கை தானாகவே சீர் சாமான் கணக்குக்குப் போய்விடும், அதனால்தான் சொல்கிறேன். இதன்மேல் ஒரு ஃபிளீஸ் (பஞ்சு போல மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), அல்லது வீட்டில் இருக்கும் நல்ல ஸ்வெட்டர். அதன்மேல் நீர்புகா ஜாக்கெட். மேட்டில் ஏறும்போது வியர்ப்பதற்கு முன்பே நடு அடுக்கைக் கழற்றிவிட வேண்டும், படகில் உட்காரும்போது மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் உண்மையான குளிர்.

தலைக்கு நம் குரங்குக் குல்லா. சிரிக்காதீர்கள், காது, கழுத்து, கன்னம் மூன்றையும் ஒரே துணி மூடுகிறது. ஊட்டிக்குப் போனபோது வாங்கியது பீரோவில் கிடந்தால் அதுவே போதும். மேலே ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்து விட்டுக்கொள்ளலாம்.

கைக்கு இரண்டு அடுக்கு: மெல்லிய கம்பளிக் கையுறை உள்ளே, நான்கு விரலும் சேர்ந்திருக்கும் நீர்புகா உறை வெளியே. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். படம் எடுக்கும்போது வெளி உறையை மட்டும் கழற்றினால் போதும். உள் கையுறை எப்படியும் நனையும், மாற்று ஜோடி ஒன்று இருக்கட்டும்.

காலில் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். குளிருமே என்று இரண்டு, மூன்று காலுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் திணித்துக்கொள்வார்கள். பூட்ஸ் இறுகும், ரத்த ஓட்டம் குறையும், கால் முன்னைவிடச் சில்லிடும். ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை, விரல்களை அசைக்க இடம் விடும் பூட்ஸ், அதுதான் சரி. கரையில் இறங்க ரப்பர் பூட்ஸ் வேண்டும். அதைப் பெரும்பாலான கப்பல்களில் இரவல் தருகிறார்கள், சுமந்து போக வேண்டாம். ரப்பருக்குக் குளிர் தடுக்கும் சக்தி கிடையாது, உள்ளே பாதத்துக்கு அடியில் போட ஒரு ஜோடி கம்பளி அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேல் பேன்ட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் அலை அடிக்கும்போது பூட்ஸ் குடமாகிவிடும்.

ஊருக்குள் நடக்கச் சாதாரணமான நடை பூட்ஸ் ஒன்று போதும். புதிதாக வாங்கினால் இப்போதே போட்டுப் பழகுங்கள். திருமயம் கோட்டைப் பாறையில் நாலு நாள் காலையில் ஏறி இறங்கினால் கணுக்கால் பழகிவிடும். கிளம்புவதற்கு முன் அடியில் இருக்கும் மண்ணைக் கழுவி, லேஸிலும் வெல்க்ரோவிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுப்புல் விதை, நாயுருவி எல்லாவற்றையும் ஊசி வைத்து எடுத்துவிடுங்கள். வெளியூர்ச் செடி அந்தத் தீவுகளில் முளைத்துவிடக் கூடாது என்பதில் அங்கே கவனமாக இருப்பார்கள்.

லாங்யியர்பியனில் ஒரு விஷயம் நமக்குப் பிடிக்கும். 1906-ல் நிலக்கரிச் சுரங்கத்துக்காக உருவான ஊர் அது. கரித்தூளோடு வீட்டுக்குள் வரக் கூடாது என்று வாசலிலேயே பூட்ஸைக் கழற்றும் பழக்கம் வந்து, இன்றும் பல விடுதிகளிலும் அருங்காட்சியகத்திலும் காலுறையோடுதான் உள்ளே போக வேண்டும். நம் முகப்பில் செருப்பை விட்டுவிட்டு வளவுக்குள் நுழைவது போலத்தான். ஓட்டை இல்லாத காலுறையாகப் பார்த்து எடுத்துப் போங்கள்! விடியற்காலை நடை போகும் பழக்கம் இருந்தால் அங்கே ஊர் எல்லைக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் பனிக்கரடி நடமாட்டம், துப்பாக்கியோடு ஒரு வழிகாட்டி கூட வர வேண்டும்.

அப்புறம் சில்லறைச் சாமான்கள். ஜூலை முழுவதும் அங்கே சூரியன் மறையாது, தூங்கக் கண்கட்டு வேண்டும். பனியும் கடலும் வெயிலைத் திருப்பி அடிக்கும், கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்க்ரீனும் வேண்டும். குளிரில் போன் பேட்டரி மளமளவென்று இறங்கும், உள் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க்கைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் வைக்க விட மாட்டார்கள். பையை அலையிலிருந்து காக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் கவரைப் போட்டு வாயைக் கட்டினால் போதும். கொசு வலை வேண்டாம், அது பின்லாந்துப் பக்கம் போகிறவர்களுக்கு. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் நார்வேக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது.

துணி பற்றிய கேள்விதான் என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்வால்பார்ட் நார்வேக்குச் சொந்தம், ஆனால் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு, அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆஸ்லோவிலிருந்து அங்கே போய்த் திரும்பினால் இரண்டாவது முறை ஷெங்கனுக்குள் நுழைவதாகக் கணக்கு. ஒரே முறை நுழையும் விசாவாக இருந்தால் திரும்பி வருவது சிக்கலாகிவிடும்.

பூட்ஸையும் நீர்புகா ஜாக்கெட்டையும் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். ஒரு ஜோடி தெர்மல், கையுறை, மருந்துகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். முதல் முறை போனபோது என் பெட்டி வழியில் மாறும் விமான நிலையத்தில் நின்றுவிட்டது. அது வந்து சேர்ந்தபோது கப்பல் கிளம்பிப் போயிருந்தது. கூட வந்தவரின் அளவு பெரிய பேன்ட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஆறு நாளையும் கழித்தேன். லாங்யியர்பியனில் இந்தச் சாமான்கள் எல்லாம் கிடைக்கும், வாட் வரியும் கிடையாது. இருந்தாலும் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

கப்பலுக்கு மின்னஞ்சல் எழுதும்போது உங்கள் இரண்டு பேரின் ரப்பர் பூட்ஸ் அளவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சின்ன அளவு சீக்கிரம் தீர்ந்துவிடும். இங்கே 5 என்று வாங்கும் செருப்பு அங்கே 38. தடித்த காலுறை போட இடம் வேண்டுமல்லவா, 39 என்றே கேளுங்கள்.