கொசுத்தேனீக் கூடுகளை இணைத்ததும் சண்டை: என்ன செய்யலாம்?

வணக்கம். வலுவில்லாத கூட்டை வலுவான கூட்டோடு ஒரே பெட்டியில் சேர்த்ததும், தேனீக்கள் ஒன்றையொன்று கவ்வியபடி செத்து விழுவதாக எழுதியிருந்தீர்கள். முதலில் இரண்டையும் பிரித்துவிடுங்கள், இன்றே. இரண்டு பெட்டிகளும் அருகருகே இருக்க வேண்டாம்.

இந்தச் சண்டைக்குக் காரணம் வாசனை. ஒவ்வொரு தேனீயின் உடல்மேலும் மெழுகுப் பூச்சு போல ஹைட்ரோகார்பன்கள் என்ற வேதிப்பொருள்கள் படிந்திருக்கும். கொசுத்தேனீ போன்ற கொட்டாத தேனீக்கள் பலவற்றில் இதோடு மரப்பிசினிலிருந்து வரும் டெர்பீன்கள் என்ற மணப்பொருள்களும் சேர்ந்துகொள்ளும். கூட்டுக்குக் கூடு இந்தக் கலவையின் விகிதம் மாறும். வாசலில் நிற்கும் காவல் தேனீ உணர்கொம்பால் தொட்டுப் பார்த்தே உறவா, அந்நியமா என்று முடிவு செய்துவிடுகிறது. போதாததற்கு, பல இனங்களில் கலவரமடைந்த தேனீயின் தாடைச் சுரப்பியிலிருந்து எச்சரிக்கை வாசனையும் கிளம்பும். சண்டை தானாக அடங்கும் என்று காத்திருந்தால் இழப்புதான் கூடும்.

ஆனால் அப்போதுதான் பொரிந்து வந்த, வெளிறிய இளம் தேனீக்களுக்கு இந்த வாசனை அடையாளம் மிகக் குறைவு. வேற்றுக் கூட்டிலும் பெரும்பாலும் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளப்படும். அதனால் வளர்ந்த தேனீக்களைச் சேர்க்காதீர்கள். வலுவான கூட்டிலிருந்து, பொரியும் தறுவாயில் உள்ள முதிர்ந்த அடைகளை (குஞ்சுகள் வளரும் அறைகளை) மட்டும் எடுங்கள்; இளம் அடையைவிட நிறம் வெளிறியிருக்கும். மேலே ஒட்டியிருக்கும் தேனீக்களை மெல்ல ஊதி விலக்கிவிட்டு, நசுங்காமல் வலுவில்லாத கூட்டில் வையுங்கள். அதற்கு முன் அங்கே ராணி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.