நாளைக்குப் பிறந்தநாள், இன்னும் ஒன்றும் தயாராகவில்லை: கேள்வி பதில்

மழலையர் வகுப்பு ஆசிரியையாக, வகுப்பிலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் பிள்ளைகளின் பிறந்தநாள்களை முன்னின்று நடத்தி வருகிறேன். கடைசி நேரத்தில் திண்டாடுகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, நாளை ஞாயிறு மகளுக்கு ஐந்து வயது முடிகிறது. கோவிலுக்குப் போய் வந்தால் போதும் என்றிருந்தோம். இப்போது மாமியார் போன் செய்து எல்லோரும் வருவதாகச் சொல்கிறார். பெரியவர்கள் 15, பிள்ளைகள் 8. கை கால் ஓடவில்லை. (அம்பத்தூர்)

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். மதியத் தூக்கம் முடிந்து மகள் தெளிவாக இருக்கும் நேரம் எதுவோ, அதுதான் கேக் வெட்டும் நேரம். ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். "பெரியப்பா வந்துகொண்டே இருக்கிறார்" என்று எட்டு மணி வரை இழுத்தால், பட்டுப்பாவாடை குத்த, பசியும் சேர்ந்துகொள்ள, குழந்தை அழுதுகொண்டுதான் மெழுகுவர்த்தியை ஊதும். தாமதமாக வருகிறவர்கள் வந்து வாழ்த்திவிட்டுச் சாப்பிடட்டும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு: ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும். இரண்டு பிள்ளைகளை ஒரு பெரியவராக வைத்தால் உங்களுக்கு 19 பேர். ஒன்றரை கிலோவுக்கு வெஜிடபிள் பிரியாணி, அரை கிலோவுக்குத் தயிர் சாதம், அப்பளம், ஊறுகாய். பிரியாணியைத் தெருமுனை மெஸ்ஸில் சொல்லிவிடுங்கள். ஞாயிறு என்பதால் இன்று இரவே சொல்வது நல்லது. இனிப்பை மாமியாரிடம் விடுங்கள். "அத்தை, கேசரி உங்கள் கைப்பக்குவத்தில்தான் வேண்டும்" என்று இப்போதே போன் செய்யுங்கள். வேலை பாதியாகும், அவருக்கும் மனம் நிறையும்.

அலங்காரத்துக்கு ஓடாதீர்கள். ஒரு பழைய பட்டுப்புடவையை ஜரிகைக் கரை தெரியும்படி சுவரில் கட்டி, இரண்டு பக்கமும் நாலு முழம் சாமந்தி தொங்கவிட்டால் போட்டோவுக்கு அதைவிட அழகு இல்லை.

வீட்டில் ஓவன் இல்லை. முட்டையும் சேர்க்க மாட்டோம். கேக் செய்ய முடியுமா?

தாராளமாக. ஒரு கப் தயிரில் முக்கால் கப் பொடித்த சர்க்கரையைக் கரைத்து, அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் சேர்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். தயிர் மேலே நுரைத்துக் குமிழ் குமிழாகப் பொங்கி வரும். அப்படி வராவிட்டால் சோடா பழையது, புதிது வாங்குங்கள். பிறகு அரை கப் எண்ணெய், கொஞ்சம் வெனிலா, சலித்த ஒன்றரை கப் மைதா. மைதா சேர்த்த பின் அடித்துக் கலக்காமல் மெதுவாகக் கிளறினால் போதும்.

ஐந்து லிட்டர் குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். தண்ணீர் வேண்டாம். அடியில் கல்லுப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் சூடேற்றுங்கள். எண்ணெய் தடவி மைதா தூவிய எவர்சில்வர் பாத்திரத்தில் மாவை ஊற்றி உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். நன்றாக ஆறிய பிறகே கவிழ்க்க வேண்டும்.

கேஸ் பலூனும் ஸ்னோ ஸ்ப்ரேயும் பையன் கேட்கிறான். வாங்கலாமா?

இரண்டுமே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வெளியே விற்கும் கேஸ் பலூன்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரஜன். விலை குறைவு என்பதால் ஹீலியத்துக்குப் பதில் அதை அடைக்கிறார்கள். மெழுகுவர்த்திச் சுடர் பட்டால் குப்பென்று பற்றிவிடும். ஸ்ப்ரே நுரையிலும் எளிதில் தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது. குனிந்து ஊதும் குழந்தையின் முகத்துக்கு நேரே அதை அடிப்பதைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. வாயால் ஊதிய சாதாரண பலூன் போதும். அதுவும் வெடித்தவுடன் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

நட்சத்திரப் பிறந்தநாளா, ஆங்கிலத் தேதியா? வீட்டில் வாக்குவாதம்.

இரண்டும் இருக்கட்டும். பிறந்த தமிழ் மாதத்தில் நட்சத்திரம் வரும் நாளில் கோவிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம். ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்தால் இரண்டாவதை எடுத்துக்கொள்வது பலர் வீட்டு வழக்கம். தேதியில் கேக்.

கணவர் துபாயில். வேலை முடிய அங்கே மாலை ஆறு ஆகும். வீடியோ காலில் சேர்க்க எத்தனை மணிக்கு வைக்கலாம்? மகனுக்கு மூன்று வயது.

அங்கே ஆறு என்றால் இங்கே ஏழரை. மூன்று வயதுக்கு அது கடைசி எல்லை. அதனால் வரிசையை மாற்றுங்கள். பிள்ளைகள் முதலில் விளையாடிச் சாப்பிட்டுவிடட்டும், ஏழரைக்குக் கேக். முடிந்தால் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு அழைப்பு, அப்பாவும் பிள்ளையும் மட்டும். கூட்டத்தின் நடுவே போனைக் கைக்குக் கை மாற்றினால் இரண்டு பேருமே சரியாகப் பேசிக்கொள்ள முடியாது.

பிறந்தநாள் செவ்வாய்க்கிழமை வருகிறது. லீவு போட்டு வண்டலூர் போகலாமா? மகனுக்கு ரயில் என்றால் உயிர்.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் அதே நாள்தான். ரயில் பிடிக்கும் என்கிறீர்களே, சென்னையில் ஐசிஎஃப் என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தையொட்டிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே வார விடுமுறை திங்கள். பழைய இன்ஜின்களைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம், குட்டி ரயிலும் இருக்கிறது. கிளம்பும் முன் அது ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பார்ட்டி வேண்டாம் என்று, குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போட நினைக்கிறோம். நாளைக்கே முடியுமா?

நல்ல எண்ணம். ஆனால் சொல்லாமல் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு போய் நிற்காதீர்கள். பல இல்லங்களில் வெளியில் சமைத்ததை ஏற்பதில்லை. போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு, அரிசி, நோட்டு, நாப்கின் என்று அவர்களே சொல்வார்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது கூடவே கூடாது. அங்குள்ள குழந்தைகளை அடையாளம் காட்டும் படங்களை வெளியிட 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. சட்டத்தை விடுங்கள், சாப்பாட்டுக்காகத் தட்டோடு வரிசையில் நிற்கும் படம் ஊரெல்லாம் சுற்றுவதை நம் பிள்ளைக்கு நாம் விரும்புவோமா?

மாதக் கடைசி. கையில் ஐந்நூறு ரூபாய்தான். மகளிடம் எப்படிச் சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள், ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அன்றைக்கு என்ன டிபன், யாரைக் கூப்பிடுவது, என்ன விளையாடுவது, இந்த மூன்றையும் அவளே முடிவு செய்யட்டும். இரண்டு தோழிகள், பூரிக் கிழங்கு, மொட்டை மாடியில் நொண்டி. பள்ளிக்குக் கலர் டிரெஸ் புதிதாக வேண்டியதில்லை, பொங்கலுக்கு எடுத்தது போதும். மிச்சப் பணத்தில் வகுப்புக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொடுங்கள். வகுப்பில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு வாங்குங்கள்.