டயாலிசிஸுக்காகக் கையில் வைத்த செயற்கைக் குழாய் ஏன் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது? மட்டமான குழாயை வைத்துவிட்டார்களா?

அப்பாவின் முன்கையில் வைத்த கிராஃப்ட் (தமனியையும் சிரையையும் இணைக்கும் செயற்கைக் குழாய்) எட்டே மாதத்தில் அடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். இந்தச் சந்தேகம் எங்கள் யூனிட்டில் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் வரும். குழாய் மட்டமாக இருக்க வாய்ப்பு குறைவு. அது நம் ரத்தக்குழாய் போல விரிந்து கொடுக்காது, சிக்கல் அங்கேதான்.

தமனிச் சுவரில் எலாஸ்டின், கொலாஜன் என்ற இரண்டு வகைப் புரத இழைகள் இருக்கின்றன. அழுத்தம் குறைவாக இருக்கையில் எலாஸ்டின் தாராளமாக இழுபடும். அழுத்தம் ஏறினால், அதுவரை நெளிந்து கிடந்த கொலாஜன் இழைகள் விறைத்து இழுத்துப் பிடிக்கும். கிராஃப்ட் செய்யும் இபிடிஎஃப்இ என்பது டெஃப்லானை இழுத்து நுண்துளைகள் விழச் செய்த பொருள். அது ஆரம்பத்திலிருந்தே விறைப்பு. அழுத்தம் 100 மி.மீ. பாதரசம் மாறினால் தொடைத் தமனி ஏறக்குறைய 6 சதவீதம் விரியும். இபிடிஎஃப்இ 2 சதவீதத்தைக்கூடத் தொடாது.

மோட்டாரில் ரப்பர் ஹோஸையும் பிவிசி பைப்பையும் கிளாம்ப் போட்டு இணைத்தால் ஹோஸ் பிய்வது கிளாம்ப் ஓரத்தில்தானே? உடம்பில் பிய்வதில்லை, தடிக்கிறது. கிராஃப்டை ரத்தக்குழாயோடு இணைத்த தையல் ஓரத்தில் தசைச் செல்கள் பெருகி, உள்சுவர் தடித்து வழி குறுகும். பெருந்தமனியில் வைக்கும் டேக்ரான் (பாலியஸ்டர்) குழாய் பல வருஷம் ஓடும், ஏனென்றால் அது அகலம், ரத்தமும் வேகம். குறுக்களவு 6 மி.மீ.க்குக் கீழே போனால்தான் பெரும்பாடு. கையில் வைப்பது பெரும்பாலும் அந்த எல்லையிலேயே நிற்கும் 6 மி.மீ. அளவுதான்.

பழியை விறைப்பின் தலையில் மட்டும் போடவும் முடியாது. கிராஃப்டின் மறுமுனை சிரையில் முடிகிறது. அவ்வளவு வேகத்தையும் அழுத்தத்தையும் தாங்கிப் பழகாத சிரை அது. அடைப்பு அதிகம் வருவது அந்தச் சிரை முனையில் என்பதால், கை கிராஃப்ட்டைப் பொறுத்தவரை நான் அங்கே ரத்தம் சுழன்றடிப்பதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

அடைக்கும் முன் பல சமயம் அறிகுறி தெரியும். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெரியவர் தினமும் கிராஃப்ட் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார். ஒருநாள், "தம்பி, எப்பவும் விர்ர்னு ஓடும், இப்ப டக்கு டக்குன்னு இடிக்குது" என்றார். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவும் வழக்கத்தைவிட நேரமானது. பழைய சார்ட்டைப் புரட்டினால், அதே பம்ப் வேகத்தில் சிரைப்பக்க அழுத்தம் வாரத்துக்கு வாரம் ஏறியிருந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் சிரை முனை குறுகியது தெரிந்தது. பலூன் வைத்து விரித்தார்கள், கிராஃப்ட் தப்பியது.

அடுத்த ஆபரேஷன் பேசும்போது, இரண்டு கையிலும் சிரைகளை ஸ்கேன் செய்து, சொந்தச் சிரையிலேயே ஃபிஸ்டுலா (சிரையை நேரடியாகத் தமனியோடு இணைப்பது) போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தச் சிரை ஊசி போடும் அளவுக்குப் பழுக்க ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும், அதுவரை கழுத்தில் வைக்கும் கதீட்டர் குழாயில் ஓட்ட வேண்டியிருக்கலாம். முடியாது என்றால் மறுபடி கிராஃப்ட்தான். வைத்தால் தினமும் தொட்டுப் பார்க்க அப்பாவுக்கும் பழக்கிவிடுங்கள்.