ஒன்லைனில் கண்ணாடி வாங்க ‘பி.டி.’ கேட்கிறார்கள். வீட்டில் அடிமட்டம் வைத்து அளந்தால் போதுமா?

அளக்கலாம். ஆனால் நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் யாரோ வெளிநாட்டிலிருந்து கண்ணாடி அனுப்பப் போகிறார்கள், கையில் உள்ள துண்டில் பவர் மட்டும்தான் எழுதியிருக்கிறது. சரியா? எனக்கும் அதுதான் நடந்தது.

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம், கணக்கு டீச்சர். இரண்டு கண்ணும் மைனஸ் 6. லண்டனில் இருக்கும் அண்ணன் ஒருநாள் இரவு போன் எடுத்து “பி.டி. எவ்வளவு?” என்றார். எனக்கு ‘பீடி’ என்றுதான் கேட்டது. பிறகு விளங்கப்படுத்தினார்: ஒரு கருமணியின் நடுவிலிருந்து மற்றதின் நடுவுக்கு எத்தனை மில்லிமீற்றர் என்பதுதான் அது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54க்கும் 74க்கும் இடையில் வரும். முன்பு கண்ணாடி செய்த கடைக்குப் போன் பண்ணினேன். “இங்க கண்ணாடி செய்தாத்தான் அளப்பம், வெளியில குடுக்கிறதில்ல” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை, அளப்பதும் ஒரு வேலைதானே. காசு கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அப்போது என் பழைய பிரேமில், காதில் மாட்டும் கம்பியின் உட்பக்கம், 52, 18, 140 என்று இருந்தது கண்ணில் பட்டது. 52 ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்குக்கு மேலே வரும் இடைவெளி. கூட்டினால் லென்ஸ் நடுவுக்கு நடு 70. பெருமையோடு 70 என்று அனுப்பிவிட்டேன். கணக்கு டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: கூட்டல் சரிதான். அது பிரேமின் அளவு, என் முகத்தின் அளவு இல்லை.

கண்ணாடி வந்தது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, அதில்தான் ஏமாந்தேன். பின்னேரமானால் புருவத்துக்கு மேலே வலி. இரண்டு கண்ணையும் யாரோ வெளிப்பக்கமாக இழுப்பது போல இருக்கும். ஒருநாள் டவுனிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது கல்லடியில் பார்க்கிறேன், பக்கத்தில் உள்ள பழைய பாலம் இரண்டாகத் தெரிகிறது. புதியதும் பழையதுமாக அங்கே இரண்டு பாலம் இருப்பது உண்மைதான். எனக்கு அன்று மூன்று.

அம்மாவிடம் சொன்னால், “கொண்ணன் எவ்வளவு காசு செலவழிச்சு அனுப்பியிருக்கான், கொஞ்ச நாள் போட்டுப் பழகன் மனே” என்கிறா. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் எங்கள் வீடுகளில் அதற்குக் குறை சொல்லக் கூடாது. கால் கொள்ளாத சப்பாத்தா, பஞ்சை அடைத்துப் போடு. இந்த வெக்கைக்குக் கம்பளிச் சட்டையா, அலுமாரியில் மடித்து வை. அனுப்பியவர் கடையில் நின்று உழைத்த காசு என்பது எனக்கும் தெரியும். ஆனால் தலையிடி எனக்கல்லவா? மூன்று கிழமை அப்படியே போட்டேன்.

கடைசியில் டவுனில் வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்த ஐயா கண்ணாடியை மெஷினில் வைத்து, ஒவ்வொரு லென்ஸிலும் நடு எங்கே என்று மையால் புள்ளி போட்டார். பிறகு என் கண்ணை அளந்தார். “டீச்சர், உங்கட கண் 61ல இருக்கு, கண்ணாடி 70ல இருக்கு.” 9 மில்லிமீற்றர் விலகல். அதைச் சென்ரிமீற்றராக்கிப் பவரால் பெருக்கினால், 0.9 × 6 = 5.4. இரண்டு லென்ஸும் சேர்ந்து அந்த அளவுக்கு, ஒளியை ஒரு பக்கம் வளைக்கும் பிரிசமாக மாறி, கண்களை வெளியே திரும்பச் சொல்லி நாள் முழுக்க வேலை வாங்கியிருக்கிறது. இதே பிழையைப் பவர் 1 உள்ளவர் செய்திருந்தால் 0.9தான் வரும். ஆகவே “நான் குத்துமதிப்பாகப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களின் பவர் குறைவு.

சரி, வீட்டில் அளப்பது எப்படி? அந்த ஐயா செய்தது இதுதான். கை நீட்டும் தூரத்தில், ஒரே உயரத்தில் முன்னால் இருந்தார். தன் வலக்கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருந்த இடக்கண்ணைப் பார்க்கச் சொல்லி, அடிமட்டத்தின் பூச்சியத்தை என் வலக்கண் கருமணி நடுவில் வைத்தார். அடிமட்டத்தை அசைக்காமல் இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறந்து, இப்போது அதைப் பார்க்கச் சொல்லி, என் இடக்கண்ணில் வாசித்தார். இப்படிக் கண் மாற்றாமல் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்கள் உள்ளே திரும்பி, அளவு 3 மில்லிமீற்றர் போலக் குறைந்துவிடும். நம் ஆட்களின் கண் கறுப்பு, கருமணி எங்கே முடிகிறதென்று தெரியாது. அதற்கு ஒரு கண்ணில், வெள்ளைக்கு நடுவே தெரியும் பெரிய கறுப்பு வட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து மற்றக் கண்ணில் அதன் உள் ஓரம் வரை அளந்தாலும் அதே அளவுதான் வரும். மூன்று தரம் அளந்து பாருங்கள்.

தூரமும் கிட்டவும் ஒரே லென்ஸில் வரும் கண்ணாடி என்றால் வீட்டில் வேண்டாம். அதற்கு ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி அளவும் உயரமும் வேண்டும். பிள்ளைகளுக்கும் வேண்டாம், என்னைப் போல 6, 7 பவர் என்றாலும் வேண்டாம். நான் டொக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

அண்ணன் அனுப்பிய பிரேமிலேயே 61க்கு லென்ஸ் மாற்றிவிட்டேன். பிரேம் எனக்கு அகலம் என்பதால் காதுப் பக்கம் லென்ஸ் தடிப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி போட்டு ஒரு போட்டோ அனுப்பு என்றார். நேராக முகத்தைப் பார்த்து எடுத்து அனுப்பினேன். நல்லா இருக்காம்.