ஐம்பது வயது தாண்டியதும் விடிகாலை 3 மணிக்கே தூக்கம் கலைந்துவிடுகிறதே, என்ன செய்யலாம்?

எனக்கு 61 வயது. ஓய்வு பெற்ற முதல் வருடம் எனக்கும் இதே பாடுதான். ராத்திரி 9 மணிக்குப் படுப்பேன், 3 மணிக்கு முழிப்பு வந்துவிடும். அப்புறம் புரண்டு படுத்து 6 மணிக்கு எழுந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. பகலில் என்ன செய்கிறேன் என்று கேட்டார். சாப்பிட்டதும் ஒன்றரை மணி நேரம் தூக்கம், மாலை 5 மணிக்கு ஃபில்டர் காபி, வீட்டை விட்டு வெளியே போவதே அபூர்வம் என்றேன். ராத்திரி 6, பகலில் ஒன்றரை, ஆக ஏழரை மணி நேரம் என்று கூட்டிக் காட்டினார். "இந்த வயசுக்கு இது போதும் சார். பகலிலேயே செலவு பண்ணிவிட்டு ராத்திரியில் தேடினால் எப்படி?" என்றார்.

வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைகிறது, உடம்பின் கடிகாரமும் முன்னால் நகர்கிறது. சீக்கிரம் கண் சொக்கும், சீக்கிரம் கலையும். அதனால் 10.30க்கு முன் படுக்கக் கூடாது, எப்போது தூங்கினாலும் 5.30க்கு எழுந்துவிட வேண்டும், பகல் தூக்கம் 20 நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார். காலையில் நடக்கலாமா என்றதற்கு, சாயங்காலம் நடங்கள் என்றார். மாலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்தக் கடிகாரம் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகுமாம். 5 மணிக் காபியும் போயிற்று. காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

முதல் பத்து நாள் ரொம்பக் கஷ்டம். 8.30க்கே கண் சொருகும், மொட்டைமாடியில் நடந்து தள்ளிப் போடுவேன். மூன்றாவது வாரம் 4.45 வரை ஒரே தூக்கம்.

என் மனைவியின் கதை வேறு. பாத்ரூம் போகவே மூன்று நாலு தடவை எழுவார். பிரஷருக்கான நீர் மாத்திரையை ராத்திரியில் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அதைக் காலைக்கு மாற்றினார். பகலில் காலில் தேங்கும் நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகும் என்பதால், மாலையில் கொஞ்ச நேரம் காலை உயர்த்தி வைத்து உட்காரச் சொன்னார். இப்போது ஒரு தடவைதான் எழுகிறார். நீங்களாக மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.

மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த மயக்கத்தோடு இருட்டில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாடவே மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுந்தாலோ, பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி வழிந்தாலோ, நான் சொன்னது எதுவும் போதாது. ராத்திரி முழுக்க மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் பதிவு செய்யும் ஸ்லீப் டெஸ்ட் எடுக்க வேண்டும். மூச்சு நிற்பது தூங்குகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. பக்கத்தில் படுப்பவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.