டயாலிசிஸ் நோயாளிக்கு எக்கோ: சில கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். திங்களன்று எடுத்த எக்கோவில் (ஒலி அலையால் எடுக்கும் இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 38%. அதே வாரம் வெள்ளியன்று வேறு இடத்தில் 46%. எதை நம்புவது டாக்டர்?

பதில்: வெள்ளிக்கிழமை எடுத்ததை. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவேதான் நீண்ட இடைவெளி. திங்களன்று உடம்பில் நீர் ஏறியிருக்கும். அதனால் இதய அறை விரியும், மிட்ரல் வால்வு கசிவும் நுரையீரல் அழுத்தமும் கூடித் தெரியும். டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுப்பதும் சரியல்ல. நீரை வேகமாக இழுத்திருந்தால் இதயச் சுவரின் சில பகுதிகள் கொஞ்ச நேரம் சோர்ந்து கிடக்கும். வார நடுவில் டயாலிசிஸ் நடந்த மறுநாள், ட்ரை வெயிட்டை (கூடுதல் நீர் இல்லாத எடை) ஒட்டிய எடையில் எடுப்பதே நல்லது.

இன்னொன்று: 38, 46 இரண்டும் ஒரே முறையில் அளந்தவைதானா? சிம்ப்சன் பைபிளேன் முறையா (இரு கோணப் படங்களில் அறையின் ஓரத்தை வரைந்து கணக்கிடுவது), கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்பா என்று கேளுங்கள். ஆள் மாறினாலே ஐந்தாறு புள்ளி மாறும். அன்றைய எடை, பிபி, கடைசி டயாலிசிஸ் தேதி இல்லாத ரிப்போர்ட்டை அடுத்ததோடு ஒப்பிடவே முடியாது.

கேள்வி: எக்கோ டெக்னீஷியன் நான். எல்வி மாஸ் (இதய இடது கீழறைத் தசையின் எடை) ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது சார்.

பதில்: அந்தச் சூத்திரம் சுவர்த் தடிமன், அறை விட்டம் ஆகிய அளவுகளை மும்மடி ஆக்குகிறது, 2 மி.மீ. பிசகினாலே விடை எங்கோ போய்விடும். எம்-மோட் (ஒற்றைக் கோட்டில் அளக்கும் முறை) கோடு சாய்ந்தால் 2டி படத்திலேயே அளந்துவிடுங்கள். நீரோடு சேர்ந்த எடையை வைத்து உடல் பரப்பைக் கணக்கிட்டால் குறியீடு (மாஸை உடல் பரப்பால் வகுத்தது) பொய்யாகக் குறையும். ட்ரை வெயிட்டைப் போடுங்கள். ஆணுக்கு 115, பெண்ணுக்கு 95 கிராம்/ச.மீ. தாண்டினால் தடிப்பு. மிட்ரல் வளையத்தில் கால்சியம் படிந்திருந்தால் ஈ/ஈ-பிரைம் விகிதத்தை (இதய உள்ளழுத்தத்தை ஊகிக்க உதவும் அளவு) நம்ப வேண்டாம்.

கேள்வி: எக்கோவால் கிட்னி இன்னும் கெடுமா?

பதில்: கெடாது, வெறும் ஒலி அலைதான். பயப்படுவது ஆஞ்சியோவில் ஏற்றும் அயோடின் மருந்தைப் பற்றி. அது வேறு சோதனை.

கேள்வி: டயாலிசிஸ் யூனிட் நர்ஸ். ஒரு நோயாளிக்கு நீர் இழுக்கத் தொடங்கியதுமே பிபி சரிகிறது, மூன்றாவது முறையாக. மறுநாள் எக்கோவுக்கு அனுப்பலாமா?

பதில்: இதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது சிஸ்டர். நீர் இழுப்பதை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், படுக்கையருகிலேயே எக்கோ பார்க்கட்டும். இதய உறைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். வலப்பக்க அழுத்தம் ஏற்கனவே கூடியவருக்கு நீர் அழுத்துவதன் அறிகுறியான வலது அறை உள்ளே மடங்குவது தெரியாமலும் போகும், அதனால் படம் சாதாரணமாகத் தெரிகிறதே என்று விட்டுவிட வேண்டாம். நீர் இருப்பது உறுதியானால் அடுத்த டயாலிசிஸ் ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) இல்லாமல்.